பிரவுசர் செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அப்பியாசம்

வலைத்தளம் கட்டும் தொழிலில் புதிதாகக் காலடி வைப்பவர்களுக்கென்று ஏற்பட்ட பரீட்சைகள் பல உள. அவற்றுள் லினக்ஸ் புரொபஷனல் இன்ஸ்டிடியூட் என்னும் ஸ்தாபனம் நடத்தும் வெப் டெவலப்மென்ட் எசென்ஷியல்ஸ் பரீட்சையையே இந்த அத்தியாயத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். தனியொரு கம்பெனியின் சரக்கைச் சார்ந்து நில்லாமல், எங்கும் பொதுவாக வழங்கும் அடிப்படைகளையே அது கேட்கிறது. எழுதப் புகுவோரிடம் முன்தகுதி எதையும் விதிப்பதில்லை. அதற்குரிய பாடங்களையும் அந்த ஸ்தாபனமே விலையின்றி வெளியிட்டிருக்கிறது. நிரலெழுதுதலைப் பற்றிய பொது அறிவும் எச்டிடிபி என்னும் பரிமாற்ற முறையும் ஒரு பகுதி, எச்டிஎம்எல் ஒரு பகுதி, சிஎஸ்எஸ் ஒரு பகுதி, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பகுதி, சர்வரில் இயங்கும் நோட் ஜேஎஸ்ஸும் அதனுடன் சிறிதளவு எஸ்க்யூஎல்லும் ஒரு பகுதி என்று ஐந்து பகுதிகளாக அதன் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. 60 நிமிஷத்தில் 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வினா ஒன்றுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிஷம்.

அந்த ஒன்றரை நிமிஷத்தில் மாணவர் முன்னே நிற்பது பல வேளைகளில் நாலைந்து வரி நிரலும், அதை இயக்கினால் என்ன நிகழும் என்ற கேள்வியுமே. இயக்கிப் பார்க்க அங்கே பிரவுசர் இராது. இதை நினைவிற் கொண்டால், இன்று பெருவழக்காக உள்ள கற்கும் முறையின் குறை தானே விளங்கும். ஆசிரியர் ஒருவர் திரையில் எழுதிக் காட்டுவதைப் பார்த்து, அவர் தட்டியதையே தாமும் தட்டி, அவர் திரையில் தோன்றியதே தம் திரையிலும் தோன்றக் கண்டு மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குச் செல்லும் மாணவர், கைக்கு அப்பியாசம் கொடுத்தாரேயன்றிப் புத்திக்குக் கொடுக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் நிரல் முழுவதையும் எழுதித் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் வந்த பிறகு கைக்கும் அந்த வேலை இல்லாமற் போய்விட்டது. அவற்றை விலக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. அவை தந்த நிரலை இயக்குவதற்கு முன்னால் அது என்ன செய்யும் என்று நம்மாற் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி.

ஆகையால் இந்த நூலில் நான் வற்புறுத்தும் முறை ஒன்றே. நிரலில் எந்த மாற்றத்தைச் செய்தாலும், அதைச் சேமித்த பின், பக்கத்தை மறுபடி ஏற்றுவதற்கு முன், திரையில் என்ன மாறும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். பிறகே பார்க்க வேண்டும். எழுதியதும் கண்டதும் ஒத்திருந்தால் அந்த வரிக்கு இனி வேலை இல்லை. ஒவ்வாதிருந்தால், ஏன் ஒவ்வவில்லை என்பதைக் கண்டறிந்து அதன் கீழே எழுதும் வரைக்கும் வேறொன்றைத் தொடலாகாது. தொடக்கத்தில் இது மிகவும் மெதுவாகவே செல்லும். ஒரு மணி நேரத்தில் பத்து வரி நிரலுக்கு மேல் நகராது போகலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பரீட்சையில் கேட்கப்படுவது இந்த முன்னறிவேயாதலால், இதில் செலவாகும் நேரம் முழுவதும் பரீட்சைக்குச் செலவிட்ட நேரமே.

இதற்கு வேண்டிய சாதனங்கள் சொற்பம். எழுதுவதற்கு ஓர் எடிட்டர், பார்ப்பதற்கு ஒரு பிரவுசர், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் எஃப் 12 விசையை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸ் என்னும் பகுதி, இவை போதும். பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பக்கமும் ஒன்றே போதும் என்பேன். பத்துப் பக்கங்களை அரைகுறையாகக் கட்டுவதைவிட ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் குலைத்துக் கட்டுவதில் அதிக லாபம் உண்டு. நம் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வதற்குரிய விண்ணப்பப் படிவம் ஒன்றை நிர்மாணிப்பதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு, நூலகம் திறந்திருக்கும் நேரங்களைக் காட்டும் அட்டவணை, ஒரு படம், பெயரும் வயதும் கேட்கும் படிவம், அனுப்பும் பொத்தான் ஆகியவை அதில் இருக்கட்டும். பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு பக்கத்தைக் கொண்டே கற்றுவிடலாம்.

பக்கத்தை எழுதத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் பிழையைக் கண்டால் மூன்று விதமாக நடந்துகொள்ளும். எந்தப் பாட நூலும் இதைத் தக்க அளவில் வற்புறுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாணவர் படும் துன்பங்களில் பாதி இதை அறியாமையால் விளைவது.

எச்டிஎம்எல் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்வதோடு நில்லாமல், சொல்லாமலே திருத்தியும் விடும். ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் முன்வைத்த யோசனையிலிருந்து இந்த வலை பிறந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் கையாலேயே எழுதிப் பரிமாறிக்கொள்ளத்தக்க எளிய குறியீடாகவே எச்டிஎம்எல் கருதப்பட்டது. 1991-ல் வெளியான முதற் குறிப்பில் இருந்தவை 18 உறுப்புகள்தாம். பிற்பாடு கோடிக்கணக்கான பக்கங்கள் இலக்கணப் பிழையோடே எழுதப்பட்டுவிட்டன. அவற்றைக் காட்ட மறுக்கும் பிரவுசரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பிரவுசரும் தனக்குத் தோன்றியபடி திருத்திக் காட்டி வந்தது. 2014-ல் நியமமாக அங்கீகரிக்கப்பட்ட எச்டிஎம்எல் 5 செய்த பேருபகாரம், பிழையைத் திருத்தும் முறையையும் விதியாக எழுதி வைத்து, எல்லாப் பிரவுசர்களும் ஒரே மாதிரி திருத்தும்படி செய்ததாகும்.

இதைக் கண்ணாற் காண ஒரு சோதனை. பத்தியைக் குறிக்கும் 'பி' டேக் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளே 'டிவ்' டேக் ஒன்றை முழுமையாக எழுதி, பிறகு 'பி' டேக்கை மூடுங்கள். மூலத்தில் பார்த்தால் ஒன்றினுள் ஒன்று ஒழுங்காக அடங்கியிருப்பதாகவே தோன்றும். பிரவுசர் அதை எவ்வாறு கொண்டிருக்கும் என்று நோட்டில் எழுதிவிட்டு, டெவலப்பர் டூல்ஸில் எலிமென்ட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். பத்திக்குள் 'டிவ்' அடங்கலாகாது என்பது விதியாதலால், 'டிவ்' வந்த கணத்திலேயே பிரவுசர் பத்தியை மூடிவிட்டிருக்கும்; 'டிவ்' வெளியே தனித்து நிற்கும்; நீங்கள் கடைசியில் எழுதிய மூடும் டேக்கோ, தனக்கென்று மூடுவதற்கு ஒன்றும் இல்லாமையால், வெறும் பத்தி ஒன்றைப் புதிதாகப் பிறப்பித்திருக்கும். நாம் எழுதியது வேறு, பிரவுசர் கொண்டது வேறு என்னும் உண்மை இதைப்போல் வேறெதனாலும் மனத்திற் பதியாது. பக்கத்தின் மூலத்தைக் காட்டும் ஜன்னலும் எலிமென்ட்ஸ் பகுதியும் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை என்ற சந்தேகமும் இதனோடு தீர்ந்துவிடும்.

சிஎஸ்எஸ் பிழையைத் திருத்தாது. விளங்காததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதே செர்னில் 1994-ல் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்து, 1996-ல் முதல் நியமமாக வெளிவந்த இம்முறையில், நாளை வரப்போகும் புதிய பிரயோகங்களைப் பழைய பிரவுசர் கண்டு திகைத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட குணம் இது. மாணவருக்கு இதுவே கண்ணி. எழுத்தின் நிறம், பின்னணியின் நிறம், எழுத்தின் அளவு என்று மூன்று கட்டளைகளை அடுத்தடுத்து எழுதி, முதற் கட்டளையின் முடிவில் இட வேண்டிய அரைப்புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள். எத்தனை கட்டளைகள் கெடும்? ஒன்று என்று எழுதுவோரே அதிகம். உண்மையில் முதல் இரண்டும் கெடும். அரைப்புள்ளி இல்லாமையால் இரண்டாவது கட்டளை முழுவதும் முதற் கட்டளையின் மதிப்பாகவே வாசிக்கப்பட்டு, அப்படியொரு நிறம் இல்லையென்று இரண்டும் சேர்ந்து தள்ளப்படும். மூன்றாவது கட்டளை சுகமாக இயங்கும். எந்த எச்சரிக்கையும் பக்கத்தின் மேல் தோன்றாது.

ஜாவாஸ்கிரிப்ட் பொறுக்காது. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இம்மொழியில், வாக்கிய அமைப்பிலேயே பிழை இருந்தால் அந்த ஸ்கிரிப்ட்டின் ஒரு வரிகூட இயங்காது. அமைப்பு சரியாயிருந்து இயங்கும்போது பிழை நேர்ந்தாலோ, அதற்கு முன்னிருந்த வரிகள் இயங்கியிருக்கும், அதற்குப் பின்னுள்ளவை இயங்காது. இந்த இரண்டையும் பிரித்தறிந்தவருக்குச் சில வினாக்களின் விடை பார்த்தவுடனே புலப்படும். பிழையின் விவரம் கன்சோல் என்னும் பகுதியில் வரி எண்ணோடு தோன்றும். அதைப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்துவிட்டு, கீழே இன்னும் பிறவாத பொத்தானை ஐடி கொண்டு தேடினால் 'நல்' என்ற விடையே கிடைக்கும் என்பதும், அந்த 'நல்'லிடம் ஏதேனும் கேட்கும்போதே பிழை வெடிக்கும் என்பதும், தனிக் கோப்பாக இணைக்கப்பட்ட ஸ்கிரிப்ட்டுக்கு 'டிஃபர்' என்னும் அட்ரிபியூட்டைச் சேர்த்தால் பக்கம் முழுதும் வாசிக்கப்பட்ட பிறகே ஸ்கிரிப்ட் இயங்குமாதலால் குறை தீரும் என்பதும் நோட்டில் முதற் பக்கத்திலேயே இடம்பெற வேண்டியவை.

இனி நம் படிவத்துக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் பாடத்திட்டம் முழுவதிலும் சாரம் மிகுந்த இடம் படிவமே. எச்டிஎம்எல், எச்டிடிபி, ஜாவாஸ்கிரிப்ட், சர்வர் ஆகிய யாவும் அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பெயரைக் கேட்கும் 'இன்புட்' ஒன்றை எழுதி, அதற்கு 'ஐடி' கொடுத்து, 'நேம்' என்னும் அட்ரிபியூட்டைக் கொடாமல் விட்டுவிடுங்கள். பெயரைத் தட்டி அனுப்பும் பொத்தானை அழுத்தினால் சர்வருக்குப் பெயர் போய்ச் சேருமா? சேராது. பிரவுசர் ஒவ்வொரு மதிப்பையும் 'நேம்' கொண்டே அழைத்துச் செல்கிறது. 'ஐடி' என்பது பக்கத்துக்குள்ளே அடையாளம் காண்பதற்கு உரியது. பெயரில்லாத மதிப்பு, முறையீடு ஒன்றுமின்றிப் பின்தங்கிவிடும்.

அந்த 'ஐடி'யின் பயன் 'லேபிள்' டேக்கில் விளங்கும். 'லேபிள்' தன் 'ஃபார்' அட்ரிபியூட்டில் 'இன்புட்'டின் ஐடியைத் தாங்கியிருந்தால், 'பெயர்' என்ற சொல்லின் மேல் சொடுக்கினாலே கட்டத்துக்குள் கர்ஸர் வந்து நிற்கும். இது வெறும் வசதியன்று. கண்பார்வை அற்றவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு இதே படிவத்தை நிரப்புகிறார்கள். இந்த இணைப்பு இல்லாவிட்டால், அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது என்பதை அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்ல மென்பொருளுக்கு வழியில்லை. படத்துக்குரிய 'ஆல்ட்' விவரமும் அத்தகையதே. பொருளுடைய படத்துக்கு அப்பொருளைச் சொல்ல வேண்டும். வெறும் அலங்காரத்துக்கு இட்ட படத்தின் 'ஆல்ட்'டைக் காலியாக விட வேண்டும். அட்ரிபியூட்டையே எழுதாமல் விடுவது இவ்விரண்டிலும் சேராத தவறு. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள் என்று மாணவர்களை நான் உளமாரக் கேட்டுக்கொள்கிறேன். நூலகத்தில் சேர விரும்பும் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடும் பக்கம், எத்தனை அழகாயிருந்தாலும் நல்ல பக்கம் ஆகாது.

பெயர்க் கட்டத்தில் 'முருகன்' என்று தமிழிலேயே தட்டி அனுப்பிப் பாருங்கள். படிவத்தில் அனுப்பும் முறை எதையும் குறிக்காவிட்டால் 'கெட்' முறையே கொள்ளப்படும். அம்முறையில் மதிப்புகள் முகவரியின் இறுதியில், கேள்விக்குறிக்குப் பின்னால் தொடரும். கண்ணுக்கு இப்பெயர் நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் இதன் 'லெங்த்'தைக் கேட்டால் 7 என்று சொல்லும். யூனிகோடில் உகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுகின்றன. யூடிஎஃப் 8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டாதலால் இப்பெயர் 21 பைட்டு. முகவரியில் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால், 63 எழுத்துகளாகப் பயணம் செய்கிறது. இந்தக் கணக்கைப் பரீட்சை இப்படியே கேட்காது. ஆயினும் எழுத்தும், குறியீடும், பைட்டும் வெவ்வேறு என்பதை உணர்வதற்குத் தமிழ் மாணவருக்குத் தம் மொழியே வாய்ப்பான கருவியாக இருக்கையில் அதை ஏன் விட வேண்டும்? பக்கத்தின் தலைப்பகுதியில் குறியாக்கத்தை அறிவிக்கும் 'மெட்டா' டேக் முதல் 1024 பைட்டுக்குள் அமைய வேண்டும் என்ற விதிக்கும் காரணம் இங்கே விளங்கும்: எந்தக் குறியாக்கம் என்று தெரியாமல் பிரவுசர் வெகுதூரம் வாசித்துச் செல்ல இயலாது.

வயதுக் கட்டம் இன்னொரு பாடம் தரும். 'இன்புட்'டின் வகையை எண் என்றே குறித்து, 12 என்று நிரப்பி, அடுத்த ஆண்டு வயதைக் காட்டுவதற்காக ஜாவாஸ்கிரிப்ட்டில் அம்மதிப்போடு 1-ஐக் கூட்டினால் திரையில் தோன்றுவது 13 அன்று, 121. எண் வகையென்று குறித்தபோதிலும் கட்டத்தின் 'வேல்யூ' எப்போதும் எழுத்துச் சரமே. கூட்டல் குறி, சரத்தைக் கண்டால் ஒட்டுவதையே தொழிலாகக் கொள்ளும். ஆனால் 1-ஐக் கழித்தால் 11 என்று சரியாகவே வரும், ஏனெனில் கழித்தல் குறிக்கு ஒட்டும் தொழில் கிடையாது. அது சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். இரண்டு சமக்குறி இட்டு ஒப்பிட்டால் 12 என்ற சரமும் 12 என்ற எண்ணும் சமம் என்றும், மூன்று இட்டால் சமமல்ல என்றும் விடை வருவதற்கும் அடிப்படை இதுவே. இந்த மூன்றையும் முன்கூட்டிச் சொல்லப் பழகியவர், தரவு வகைகளைப் பற்றிய வினாக்களில் தடுமாற மாட்டார்.

சிஎஸ்எஸ்ஸில் மனத்தாற் கணக்கிட்டுப் பழக வேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது பெட்டியின் அளவு. அகலம் 300 பிக்சல், உட்புற இடைவெளியாகிய பேடிங் பக்கத்துக்கு 20, விளிம்பு பக்கத்துக்கு 5 என்றால், திரையில் பெட்டி கொள்ளும் அகலம் 350; 'பாக்ஸ் சைஸிங்' என்பதை 'பார்டர் பாக்ஸ்' ஆக்கிவிட்டால் அது 300-லேயே நிற்கும். மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு பத்திகளில் ஒன்றுக்குக் கீழே 30-ம் மற்றதற்கு மேலே 20-ம் மார்ஜின் கொடுத்தால் இடையே விழுவது 50 அன்று, 30. ஃப்ளெக்ஸ் முறையில் அடுக்கினால் 50-ஆகவே விழும். இரண்டாவது, ஒரே உறுப்பைப் பல கட்டளைகள் உரிமை கொண்டாடும்போது எது வெல்லும் என்பது. டேக்கின் பெயரால் இட்டதைக் கிளாஸால் இட்டது வெல்லும். எத்தனை கிளாஸ்கள் கூடினாலும் ஒரே ஓர் ஐடி அவற்றை வெல்லும். தகுதி சமமானால் பின்னால் எழுதப்பட்டது வெல்லும். நிறங்களை வைத்து இதை ஓயாமல் சோதித்துப் பாருங்கள். கணக்கிட்டு அறியத்தக்க இவை போலன்றி மனப்பாடம் செய்ய வேண்டியவையாகிய எச்டிடிபி விடை எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 200-ல் தொடங்குபவை வெற்றி, 300-ல் தொடங்குபவை வேறிடத்துக்குத் திருப்பல், 400-ல் தொடங்குபவை கேட்டவர் பக்கத்துக் குறை, 500-ல் தொடங்குபவை சர்வரின் குறை என்ற நியதி தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

பழைய பாட நூல்களைக் கையாள்வோர் ஓர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 'லெட்', 'கான்ஸ்ட்' என்னும் அறிவிப்புகள் 2015-ல்தான் மொழியின் நியமத்தில் இடம்பெற்றன. அதற்கு முந்திய நூல்களில் 'வார்' ஒன்றே இருக்கும். பக்கத்தின் அமைப்புக்கு அட்டவணைகளைப் பயன்படுத்தச் சொல்லும் நூலைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அட்டவணை நூலக நேரங்களைக் காட்டுவது போன்ற தகவல்களுக்கே உரியது.

கடைசிப் பகுதியாகிய நோட் ஜேஎஸ்ஸை மாணவர் அஞ்சித் தள்ளிப் போடுவது வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு அங்கே மொழி புதிதன்று, இடமே புதிது. சர்வரில் திரையும் இல்லை, பக்கமும் இல்லை. ஆகவே 'டாக்குமென்ட்', 'விண்டோ' என்பவை அங்கே கிடையா. நம் படிவம் 'கெட்' முறையில் அனுப்பியதை எக்ஸ்பிரஸ் என்னும் சாதனம் 'குவெரி'யில் தரும். 'போஸ்ட்' முறையில் வந்தது, அதை வாசிக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தால், 'பாடி'யில் கிடைக்கும். எஸ்க்யூஎல்லில் நாலைந்து வாக்கியங்களே தேவை. ஆனால் 'டெலிட்' வாக்கியத்தில் 'வேர்' என்னும் நிபந்தனையை விட்டுவிட்டால் அட்டவணையின் வரிசைகள் அத்தனையும் போய்விடும் என்பதையும், பயனர் தட்டிய எழுத்துகளை எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு அப்படியே ஒட்டினால் அவர் விரும்பிய கட்டளையை அதில் நுழைத்துவிடலாம் என்பதையும் சோதனை டேட்டாபேஸ் ஒன்றில் தாமே செய்து பார்த்தவரே உறுதியாக நம்புவர்.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடை எண் குறிக்கப்பட்டிருக்கும். எடை கூடிய தலைப்பில் வினாக்களும் கூடுதலாக வரும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடாமல், நோட்டில் எழுதியதும் கண்டதும் ஒவ்வாத வரிகளை மட்டும் எடுத்து, எடை மிகுந்த தலைப்புகளுக்கு உரியவற்றை முதலில் வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி இயக்கிப் பாருங்கள். மாதிரி வினாக்களைச் செய்யும்போது சரியான விடையைக் குறித்ததோடு நிறுத்தாமல், மற்ற விடைகள் ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்றும் சொல்லிப் பழகுங்கள். விடைப் பட்டியலில் இடம்பெறும் தவறுகள் பெரும்பாலும் வேறொரு வினாவின் சரியான விடைகளாகவே இருக்கும். பரீட்சை மண்டபத்தில் நிரலைக் கண்டதும் கீழேயுள்ள விடைகளைப் படிக்காமல், நோட்டில் எழுதுவது போலவே விளைவை முதலில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் அதைத் தேடுங்கள். இருந்தால் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். இல்லாவிட்டால், விடைகளுள் ஒன்றை ஊகிக்கத் தொடங்குமுன் நிரலையே இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். மூடாத மேற்கோள் குறியோ, பெரிய எழுத்தாக வேண்டிய இடத்தில் நின்ற சிறிய எழுத்தோ, இரண்டாக நின்ற சமக்குறியோ அங்கே இருக்கக்கூடும்.